கத்தியில் ஒரு ஓட்டை: காப்பிக் கத்தி வாங்கலாமா, வேண்டாமா?

அக்கா மகன் ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு பார்த்துக்கொள்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்தவன், டீ வருவதற்குள் போனை நீட்டிவிட்டான். மூன்று படம், மூன்றும் மடக்குக் கத்தி, மூன்றிலும் அலகின் முதுகுப் பக்கம் கட்டைவிரல் பதிகிற மாதிரி வட்டமாய் ஒரு ஓட்டை. ஒன்று இருபத்திரண்டாயிரம், ஒன்று ஆயிரத்து எண்ணூறு, இன்னொன்று இரண்டாயிரத்து நானூறு.

"மாமா, மூணும் ஒண்ணாட்டத்தானுங்களே இருக்குது, எதுக்குங் பத்து மடங்கு எச்சாக் குடுக்கோணும்?"

உடனே பதில் வரவில்லை. கணபதியில் லேத் வைத்துப் பிழைக்கிறவன், காப்பி அடிப்பது பாவம் என்று பிரசங்கம் பண்ணினால் பக்கத்துப் பட்டறைக்காரர் சிரிப்பார். கோயம்புத்தூர் வளர்ந்ததே பார்த்துச் செய்துதான். 1955-ல் சபாபதி என்பவர் இங்கே வெட் கிரைண்டரைக் கண்டுபிடித்தார். அதைப் பார்த்து வீதிக்கு வீதி செய்தார்கள், சாய்த்து மாவு எடுக்கிற மாதிரி ஒருத்தர், மேசை மேல் வைக்கிற அளவுக்குச் சுருக்கி இன்னொருத்தர் என்று ஆளுக்கொன்று சேர்த்தார்கள், கடைசியில் 2005-06-ல் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று ஊர் பேரிலேயே புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. மோட்டார், பம்ப் செட் எல்லாம் கிட்டத்தட்ட இதே கதைதான். சீமையிலிருந்து வந்த மெஷினைப் பிரித்துப் போட்டு அளவெடுத்துத்தான் எங்கள் அப்பா தலைமுறை தொழில் கற்றது. அதனால் காப்பியே ஆகாது என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். எந்தக் காப்பி என்பதுதான் பேச்சு.

முதலில் அவனுக்கு எதற்குக் கத்தி என்று கேட்டேன். சொட்டுநீர் ஓஸ் வெட்ட, உர மூட்டைத் தையல் பிரிக்க, கயிறு அறுக்க, சீசனில் ஒரு மாம்பழம் நறுக்க. மட்டை கழிக்கவும் இளநீர் சீவவும் கொடுவாள் இருக்கிறது, அந்தச் சோலிக்கு இது போகாது. நியாயமாகப் பார்த்தால் சந்தையில் விற்கிற ஐம்பது ரூபாய்க் கத்தியே போதும். ஆனால் ஆசை என்று ஒன்று இருக்கிறதே, அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, என் டிராயரில் மூன்று மைக்ரோமீட்டர் சும்மா கிடக்கிறது.

அந்த ஓட்டைக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் கோல்டன் என்ற ஊரில் இருக்கிறது ஸ்பைடெர்கோ கம்பெனி, சால் கிளெசர் என்பவர் ஆரம்பித்தது. அந்த இருபத்திரண்டாயிரத்துக் கத்தி அவர்களுடையது. 1981-ல் தங்களுடைய முதல் மடக்குக் கத்தியைக் கொண்டுவந்தபோது பாக்கெட்டில் மாட்ட ஒரு கிளிப்பும், ஒரு கையால் அலகைத் திறக்க இந்த வட்ட ஓட்டையும் வைத்தார்கள். அதற்கு முன்னால் மடக்குக் கத்தி என்றால் பெரும்பாலும் அலகில் நகம் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கும், அதில் நகத்தைக் கொடுத்து இழுக்க வேண்டும், இரண்டு கையும் வேண்டும். ஏணியில் நின்றுகொண்டு ஒரு கையில் ஓஸைப் பிடித்திருக்கிறவனுக்குத்தான் ஒற்றைக் கையால் திறப்பதன் அருமை தெரியும். இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். காப்புரிமைக்கு ஆயுசு உண்டு, அது முடிந்து பல வருஷமாகிறது. ஆனால் அந்த வட்டத்தையே தங்கள் வணிகச் சின்னமாகவும் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஓட்டை போட்டுத் திறக்கலாம் என்கிற யோசனை இன்றைக்குப் பொதுச் சொத்து, நீள்வட்டமாகவோ நீளப் பிளவாகவோ யாரும் போட்டுக்கொள்ளலாம், போடுகிறார்கள். அச்சு அசலாக அந்த வட்டம் மட்டும் அவர்களுடைய முகம் மாதிரி.

சரி, இப்போது அந்த ஆயிரத்து எண்ணூறு. அதில் ஸ்பைடெர்கோ பெயரும் இருக்கிறது, அவர்களுடைய சிலந்தி முத்திரையும் இருக்கிறது, எஃகின் பெயர்கூட அலகில் பொறித்திருக்கிறது. எல்லாம் பொய். இதைப் பற்றி எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. நம் ஊர்ச் சட்டத்திலும் 1999-ஆம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டப்படி பொய் முத்திரை போட்ட சரக்கை விற்கிறவனுக்கு ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை ஜெயில், ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். சொந்த உபயோகத்துக்கு ஒன்று வாங்குகிறவனை அந்தப் பிரிவு தொடாது. அதைத்தான் மாப்பிள்ளையும் பிடித்துக்கொண்டான். "தெரிஞ்சுதானுங் வாங்கறன், இதுல நான் யாரை ஏமாத்தறன்?"

கேள்வி நல்ல கேள்விதான். திருப்பூர் காதர்பேட்டையில் துணி எடுத்த எவனுக்கும் இந்தக் கேள்வி பழக்கம். அங்கே எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று ஒரு சரக்கு, அந்தக் கம்பெனிக்காகவே தைத்து ஆர்டருக்கு மேல் மிஞ்சியதோ, ஒரு தையல் கோணிக் கழிந்ததோ. இன்னொன்று, வெறும் பனியனில் பெரிய கம்பெனி லேபிளை ஒட்டியது. இரண்டையும் கையால் தடவிப் பார்த்தே பிரித்துச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள், வாங்குகிறவர்களிலும் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் லேபிள் ஒட்டிய பனியன் இரண்டு வருஷத்தில் கிழிந்து கரித்துணியாகிவிடும், கத்தி அப்படி இல்லை. அது நாளைக்கு இன்னொருத்தன் கைக்குப் போகும், அவனிடம் நீ 'டூப்ளிகேட்' என்று சொல்லித்தான் கொடுப்பாய் என்றே வைத்துக்கொள்வோம், அவன் அடுத்தவனிடம் சொல்வானா? இன்னொன்றும் கேட்டேன். "சிலந்தி இல்லாம இதே கத்தி ஆயிரத்து ஐநூறுன்னா வாங்குவியா கண்ணு?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு சிரித்தான். அந்த முந்நூறு ரூபாய் சிலந்திக்குத்தான், நாலு பேர் முன்னால் எடுத்துக் காட்டத்தான். அப்படியென்றால் ஏமாறப்போவது அந்த நாலு பேர்.

பவானி ஜமக்காளக்காரர்களைக் கேட்டால் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். கைத்தறி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய விரிப்பு அதே வரி, அதே வண்ணத்தில், 'பவானி' என்ற பெயரோடு கடையில் தொங்குகிறது. விசைத்தறி விரிப்பு கெட்ட விரிப்பு என்று யாரும் சொல்லவில்லை. அதை வேறு பெயர் வைத்து விற்க வேண்டியதுதானே.

இங்கே வழக்கமாக எல்லாரும் தரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். டூப்ளிகேட் எஃகு மட்டம், திறந்த அலகை மடங்காமல் பிடிக்கிற பூட்டு நழுவும், விரல் போகும் என்று. அதுவும் உண்டு, நானே பார்த்தேன். ஒரு நண்பர் வாங்கிய கத்தியில் 'டி2' என்று பொறித்திருந்தது. டி2 என்றால் எங்கள் தொழிலில் டை அடிக்கிற எஃகு, ஒன்றரை சதவீதம் கார்பன், பன்னிரண்டு சதவீதம் போல குரோமியம், ஒழுங்காக ஹீட் ட்ரீட்மெண்ட் பண்ணியிருந்தால் ராக்வெல் என்கிற கடினத்தன்மை அளவில் 58, 60 காட்ட வேண்டும். தெரிந்த ஹீட் ட்ரீட்மெண்ட் கடையில் கொடுத்து மெஷினில் அழுத்திப் பார்த்தோம். மூன்று இடத்தில் அழுத்தினோம், ஐம்பத்திரண்டைத் தாண்டவில்லை. நண்பர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆனால் நியாயத்தைத் தரத்தில் கொண்டுபோய்த் தொங்கவிடுவது எனக்குப் பிடிக்காது. நாளைக்கே அறுபது காட்டுகிற காப்பி வரும், இப்போதே நல்ல எஃகில் கச்சிதமாகச் செய்த காப்பிகள் இருக்கத்தான் செய்கின்றன. அன்றைக்கு என்ன சொல்வோம்?

அதனால்தான் எனக்கு அந்த மூன்றாவது கத்தி, இரண்டாயிரத்து நானூறு ரூபாய்க் கத்திதான் சிக்கல். அதில் சிலந்தி இல்லை. யாரும் கேள்விப்படாத ஒரு பெயர், அது அந்தக் கம்பெனியின் சொந்தப் பெயர். எஃகும் சொன்ன எஃகுதான் என்கிறார்கள். ஆனால் அலகின் வளைவு, பிடியின் பள்ளம், திருகு உட்கார்ந்திருக்கிற இடம், அந்த வட்டம் எல்லாம் அப்படியே. வெளிநாட்டில் இன்னும் விற்பனையில் இருக்கிற மாடல், வடிவமைத்தவரும் உயிரோடு இருக்கிறார். பெயரைத் திருடவில்லை, முகத்தைத் திருடியிருக்கிறார்கள். சட்டம் இங்கே கொஞ்சம் வழவழா. இந்தியாவில் பொருளின் வடிவத்துக்கு 2000-ஆம் வருஷத்து வடிவமைப்புச் சட்டப்படி பதிவு வாங்கினால் பத்து வருஷம், நீட்டித்தால் இன்னும் ஐந்து, அவ்வளவுதான் பாதுகாப்பு. அதுவும் இங்கே பதிந்திருந்தால்தான். அமெரிக்காவில் வாங்கிய காப்புரிமை இங்கே செல்லாது.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொன்னால்தான் நான் ஏன் இதில் முறுக்கிக்கொள்கிறேன் என்று புரியும். சில வருஷத்துக்கு முன்னால் இளநீரில் ஓட்டை போடுகிற கருவி ஒன்று செய்தேன். ஏற்கெனவே கடைகளில் இருந்ததுதான், ஆனால் குத்தி எடுக்கும்போது மட்டைத் துண்டு குழாய்க்குள் மாட்டிக்கொண்டு நிற்கும், விற்கிறவர் ஆணியை விட்டு நோண்டிக்கொண்டிருப்பார். உள்விட்டத்தைப் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தி, முனையைப் படி மாதிரி கடைந்து, ஏழு மாதம், எத்தனை இளநீர் குடித்தேன் என்று கணக்கில்லை, துண்டு தானாகப் பின்னால் விழுகிற மாதிரி கொண்டுவந்தேன். முதல் நூறு பீஸ் அடிக்கும்போது பட்டறைப் பையன் பிடியில் தப்பான இடத்தில் ஒரு ஓட்டை துளைத்துவிட்டான். தூக்கிப்போட மனசில்லை, கொக்கியில் மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்றேன். மூன்றே மாதத்தில் அதே கருவி எங்கள் வீதியிலேயே இருபது ரூபாய் குறைச்சலாக வந்தது. எடுத்துத் திருப்பிப் பார்க்கிறேன், பிடியில் அந்தத் தப்பு ஓட்டையும் இருக்கிறது. அதே இடத்தில், அதே அளவில்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இருபது ரூபாய்க்காக அல்ல. எதற்கு அந்த ஓட்டை என்றுகூட ஒரு நிமிஷம் யோசிக்கவில்லையே என்றுதான். அதே வருஷம் உடுமலைப் பக்கத்து ஆள் ஒருத்தர் என் படிமுனையை வாங்கி, ஒரு நெம்புகோல் வைத்து, பெண்கள்கூட அழுத்தமில்லாமல் குத்துகிற மாதிரி செய்து அவர் பெயரில் விற்றார். அவர் மேல் எனக்கு வருத்தமே வரவில்லை. போய் ஒன்று வாங்கி வந்து பிரித்துப் பார்த்தேன், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பொறாமைதான்.

மாப்பிள்ளை விடவில்லை. "அந்த இருபத்திரண்டாயிரத்துக் கத்திய நான் சென்மத்துக்கும் வாங்கப்போறதில்லீங் மாமா. அப்ப இதை வாங்குனா அவிகளுக்கு என்னங் நட்டம்?" பாதி சரி. அந்த அமெரிக்கக் கம்பெனிக்கு இவனால் ஒரு பைசா நட்டமில்லை, இவன் அவர்களுடைய பார்ட்டியே இல்லை. ஆனால் இரண்டாயிரத்து நானூறுக்கு ஒரு கத்தி வாங்க இவன் தயாராக இருக்கிறான் அல்லவா? அந்தக் காசு இன்னொருத்தருக்குப் போயிருக்க வேண்டியது. அதே விலைக்கு, கொஞ்சம் முன்னே பின்னே, சொந்தமாக வரைந்தோ, வரைந்தவருக்குக் காசு கொடுத்தோ கத்தி செய்கிற கம்பெனிகள் இருக்கின்றன. காப்பிக்காரன் வரைகிறவனுக்குக் கூலி தரவில்லை, ஏழு மாதம் இளநீர் குடிக்கவில்லை, அந்த மிச்சத்தில் நல்ல திருகும் நல்ல பெட்டியும் போட்டு நேர்மையான மலிவுக் கத்தியைவிடப் பளபளப்பாக நிற்கிறான். காப்பிக் கத்தி அடிப்பது விலையுயர்ந்த ஒரிஜினலை அல்ல, பக்கத்திலேயே நிற்கிற மலிவு ஒரிஜினலைத்தான். என்னுடைய இளநீர்க் கருவி விஷயத்திலும் அடிவாங்கியது பெரிய கம்பெனி எதுவும் இல்லை, நான்தான்.

அந்த மலிவு ஒரிஜினல் எதெது என்று பார்த்தால் இவனுக்கே ஆச்சரியம். ஸ்பைடெர்கோவே சீனாவில் செய்து 'பேர்ட்' என்ற பெயரில் குறைந்த விலைக்கு விற்கிறது. அதில் அவர்கள் அந்த வட்டத்தைப் போடுவதில்லை, வால்நட்சத்திரம் மாதிரி ஒரு வடிவம் வெட்டியிருப்பார்கள். எஃகு 8சிஆர்13எம்ஓவி, பெரிய கொம்பெல்லாம் இல்லை, ஆனால் தோப்பில் சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் பதம் ஏறிவிடும், நல்ல எஃகு என்று பீற்றிக்கொள்கிற பல கத்திகளுக்கு அந்த வசதி கிடையாது. ரிக் ஹிண்டரர் என்று ஒருத்தர், அவர் பட்டறைக் கத்தி நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. அவரே வரைந்து கொடுத்ததைக் கெர்ஷா கம்பெனி 'கிரையோ' என்று சீனாவில் செய்து சாதாரண விலைக்கு விற்றது. பெரிய கை வரைந்ததை ஏழை வாங்க வழியே இல்லை என்கிற வாதம் இங்கே அடிபட்டுப்போகிறது.

பூட்டு விஷயத்திலும் இப்படித்தான். பெஞ்ச்மேட் என்கிற கத்திக் கம்பெனி 1998-ல் 'ஆக்சிஸ்' என்று குறுக்குக் கம்பிப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தது, காப்புரிமைக் காலம் முடிந்ததும் பல கம்பெனிகள் அதே முறையை வேறு பெயரில் போட ஆரம்பித்துவிட்டன. இதை வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம். கண்டுபிடித்தவர் தன் காலத்தில் சம்பாதித்துக்கொண்டார், அப்புறம் அது ஊர்ச் சொத்து. நம்ம கிரைண்டர் கல் மாதிரி.

இன்னொரு பக்கம், யாருக்கும் சொந்தமில்லாத பழைய வடிவங்கள். பிரான்சில் லாகியோல் என்று ஒரு ஊர், அந்த ஊர்ப் பெயரிலேயே மெலிந்த இடுப்பு வைத்த மடக்குக் கத்தி உண்டு, பிடியின் முதுகில் ஒரு தேனீ. அந்தப் பெயரைப் போட்டு எங்கெங்கேயோ செய்து விற்கிறார்கள், ஊர்க்காரர்கள் கோர்ட்டு கோர்ட்டாக ஏறினார்கள். வடிவம் பொது, ஊர்ப் பெயர் பொதுவா என்பதில்தான் சண்டை, நம்ம பவானிக் கதைதான் அங்கேயும். அதே நாட்டு ஒப்பினெல், 1890-லிருந்து மரப்பிடியும் ஒரு அலகுமாக அப்படியே வருகிறது, 1955-ல் ஒரு பூட்டு வளையம் சேர்ந்தது. நான் பாக்கெட்டில் வைத்திருப்பது அதுதான், மழைக்காலத்தில் பிடி ஊதிக்கொண்டு அலகு வெளியே வர மறுக்கும், அது ஒன்றுதான் குறை. செகண்ட் ஹேண்டில் ஒரிஜினல் வாங்குவதும் ஒரு வழி, நியாயத்தில் எந்தக் குறையும் இல்லை, ஆனால் டூப்ளிகேட் நிறைந்த சந்தையில் எது எது என்று கண்டுபிடிக்கத் தெரியாத நமக்கு அது ஆகாது. அந்தச் சந்தை அப்படி ஆனதற்கும் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க் கத்திகள்தான் காரணம்.

ஆக என் வரிசை: பொய் முத்திரை வேண்டவே வேண்டாம். முகம் திருடியது வேண்டாம், அந்த மாடல் விற்பனையில் இருக்கிறவரைக்கும். யோசனையை எடுத்துச் சொந்தமாகச் செய்தது, வரைந்தவருக்குக் காசு போனது, பழைய பொது வடிவம், இந்த மூன்றில் எது வேண்டுமானாலும். மாப்பிள்ளை தலையாட்டினான், ஆனால் முகத்தில் அந்த வட்டம்தான் இருந்தது. அப்புறம் அவனே சொன்னான், "எதுக்குங் இவ்வளவு ரோசனை, பேசாம ஆசாரிகிட்டயே அடிச்சுக்கலாங் மாமா."

தாராபுரம் போகிற ரோட்டில் ஒரு கொல்லுப்பட்டறை. எங்கள் குடும்பத்துக் கொடுவாளெல்லாம் அங்கே அடித்ததுதான். அடுத்த வாரமே இரண்டு பேரும் போனோம். ஆசாரி லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி உலையில் வைத்திருந்தார், சங்ககிரியிலிருந்து பழைய இரும்புக்காரர் கொண்டுவந்து போடுகிற பட்டை. செந்நிறம் ஏறியதும் எடுத்து அடித்து, திரும்ப வைத்து, கடைசியில் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் காட்டி எடுத்து, முதுகிலிருந்த சூடு வாய்க்கு இறங்கி வைக்கோல் நிறம் வருகிறவரை கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வந்ததே அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னோம். "போட்டோ இருந்தா காட்டுங் தம்பி, அப்பிடியே அச்சா அடிச்சுத் தாரன்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பார்த்தான். ஒரு வாரமாக நான் பேசிய பேச்செல்லாம் இப்போது உலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அறுநூறு ரூபாய்க்கு, நமக்குத் தெரிந்த மனுஷர், சொந்தக் கையால், சிலந்தியெல்லாம் போடப்போவதில்லை. சீனாக்காரன் செய்தால் முகத்திருட்டு, ஆசாரி செய்தால் தொழிலா? எனக்குச் சட்டென்று பதில் கிடைக்கவில்லை. ஒரே ஒரு கத்தி, சந்தைக்குப் போகாது, அதனால் பரவாயில்லை என்று ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்ல நாக்கு வரவில்லை.

பேச்சை மாற்ற, அவர் அலகில் வழக்கமாகக் குத்துகிற மூன்று புள்ளி முத்திரையைப் பற்றிக் கேட்டேன். "அதையேனுங் கேக்கறீங்க. நாலு வருசமா சந்தையில மிசின் அருவா வருதுங், அதே மூணு புள்ளியோட. எவன் பண்றான்னு தெரியல. அது ஒடிஞ்சா எங்கிட்டத்தான் கொண்டாந்து சண்டை போடறாங்க" என்றார்.

மாப்பிள்ளை நீட்டியிருந்த போனை மெல்ல இழுத்துக்கொள்ளப் பார்த்தான், அதற்குள் அவர் வாங்கிவிட்டார். கரி விரலால் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார்.

"மடக்கெல்லாம் எனக்கு வராதுங். நேர் கத்தி, உறையோட வேணும்னா அடிக்கறன். ஆமா, இந்த ஓட்டை எதுக்குங்?"

கட்டைவிரலால் திறக்க என்று இவன் செய்து காட்டினான்.

"மடக்காத கத்திக்கு அது எதுக்குங் தம்பி? நம்ம கத்தி மொனையிலயே அடிச்சுடறன். கவுறு கோத்து இடுப்புல மாட்டோணும்னா பிடியில ஒரு ஓட்டை போட்டுத்தாரன். வெள்ளிக்கெழமை வாங்க."

இவன் இருநூறு ரூபாய் அச்சாரம் கொடுத்தான். பிடியில் ஓட்டை எந்த இடத்தில் என்று மட்டும் நான் சாக்பீஸால் குறித்துக் கொடுத்தேன்.